வேலியோர வரிசை

கற்பகம் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதையை முழுக்கக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தாயில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில் சித்திரை பிறந்துவிட்டால் கரிசல் பாளம் பாளமாக வெடித்துவிடும். சீமைக்கருவேலத்தைத் தவிர வேறெதுவும் பச்சை காட்டாது. அந்த வெக்கையிலும் காய்த்துத் தொங்குகிற தோட்டம் ஒன்று ஊரில் உண்டென்றால் அது மேலத்தெருவில் பெரிய வீடு என்று எல்லோரும் சொல்கிற கற்பகத்தின் வீட்டுக்குப் பின்னால்தான். புருஷன் ராக்கப்பனுக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனத்தில் பருத்தி இருந்தது. மகன் அருள்பாண்டி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வீடும் பார்த்துக்கொண்டான். புருஷன் காட்டிலும் மகன் வெளியூரிலும் கிடக்க, கற்பகத்துக்குத் தோட்டமே கதி என்றாகிவிட்டது. பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் வாய்க்கால் வெட்டிச் செடிக்குத் திருப்பியிருந்தாள். கத்திரி, வெண்டை, சீனியவரை, பாகலுக்கு ஒரு பந்தல், வேலியில் பீர்க்கு என்று கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

விடிந்ததும் முதல் வேலை இலையைப் புரட்டிப் பார்ப்பது. கத்திரி இலைக்கு அடியில் புள்ளி வண்டு உட்கார்ந்து பச்சையை மட்டும் சுரண்டித் தின்று இலையைச் சல்லடையாக்கி வைத்திருக்கும். வெண்டைப் பூவுக்குள் எறும்பு குடும்பம் நடத்தும். பாகல் பிஞ்சில் ஈ குத்திய இடம் மஞ்சளாகிக் கோணிக்கொள்ளும். கற்பகம் வண்டை விரலால் பொறுக்குவாள், அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுவாள், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பாள். இத்தனைக்கும் மசியாத புழு ஒன்று உண்டு. கத்திரிக்காயின் காம்புக்குக் கீழே குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் காய் ராஜா மாதிரி இருக்கும், அறுத்தால் உள்ளே கறுத்துப்போய்க் கிடக்கும். அந்தப் புழுவிடம் மட்டும் அவள் ஒவ்வொரு கோடையிலும் தோற்றாள்.

இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு காய் வேண்டும்? மிச்சத்தை அவள் கொடுத்துவிடுவாள். தோட்டத்து வேலியை ஒட்டித்தான் கீழத்தெருவுக்குப் போகிற பாதை. பட்டாசுக் கம்பெனி வேன் காலையில் அங்கேதான் பெண்களை ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் அங்கேதான் இறக்கிவிடும். அந்தப் பெண்களின் அம்மாக்களும் மாமியார்களும் ராக்கப்பனுடைய அப்பாவின் காட்டில் களை எடுத்தவர்கள். இப்போது காட்டு வேலைக்கு யாரும் வருவதில்லை, எல்லோருக்கும் கம்பெனிதான். வேனை விட்டு இறங்குகிறவர்களைக் கற்பகம் வேலியோரம் நின்று கூப்பிட்டுக் காய் கொடுப்பாள். கொடுக்கிற கை மேலேயும் வாங்குகிற கை கீழேயும் இருப்பதில் ஒரு சுகம் உண்டு. அதற்காகத்தான் கொடுக்கிறாயா என்று கேட்டால் அவள் சண்டைக்கு வருவாள்.

போன கோடையில் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் கற்பகம் நின்றிருந்தாள். முன்னால் நின்ற கீழத்தெரு முருகேஸ்வரி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"பெரிய வீட்டுக் கத்திரிக்கா வாங்குனா தனியாக் கறி எடுக்க வேண்டியதில்லடி. உள்ளயே கெடந்து நெளியுது."

வரிசை முழுக்கச் சிரித்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமாடி என்று கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் இன்னும் நல்லது. கற்பகம் இரண்டும் செய்யவில்லை. சர்க்கரையை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் வருஷம் முழுக்க அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

இந்தக் கோடைக்கு அவள் கத்திரியை இரண்டாகப் பிரித்து நட்டாள். அடுப்படிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பாத்தி, அது வீட்டுக்கு. வேலியோரமாக நீளமாக ஒரு வரிசை, அது கொடுப்பதற்கு. வீட்டுப் பாத்திக்கு வழக்கம்போலச் சாம்பலும் வேப்பங்கொட்டையும். வேலியோர வரிசைக்கு, ராக்கப்பன் பருத்திக்கு வாங்கி மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்த பூச்சிமருந்தைக் கேட்டு வாங்கி ஸ்பிரேயரில் கலந்து அடித்தாள்.

"அடிச்சா கொஞ்ச நாளைக்குக் காயத் தொடாத. பருத்தி திங்கிற சாமான் இல்ல, இது திங்கிறது" என்று ராக்கப்பன் சொல்லித்தான் கொடுத்தான்.

முதலில் அவளும் பொறுத்துத்தான் பறித்தாள். ஆனால் கோடைக் கத்திரி யாருக்கும் காத்திருக்காது, இன்றைக்கு விட்டால் நாளைக்கு விதை கட்டிவிடும். புழுவும் சும்மா இருக்குமா, மருந்து வாடை குறைந்தால் திரும்ப வந்துவிடும். அப்புறம் அப்புறம் என்று இடைவெளி சுருங்கி, ஒரு சாயங்காலம் அடித்து மறு சாயங்காலம் பறிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கழுவிச் சமைத்தால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியானால் வீட்டுப் பாத்திக்கும் அதையே அடிக்கலாமே என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. வளர்த்த கோழிகள் மட்டும் அந்தப் பக்கம் போய் எதையும் கொத்திவிடக் கூடாதென்று வரிசைக்குக் குறுக்கே பழைய வலையைக் கட்டினாள்.

வேலியோரக் கத்திரிக்காய்கள் எண்ணெய் பூசியதுபோல மினுங்கின. ஓட்டை கிடையாது, சொத்தை கிடையாது. பக்கத்தில் பூத்திருந்த பீர்க்கம்பூவுக்கு அடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அதுவரை காலையில் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் அந்தப் பக்கம் நின்றுபோனது. கற்பகம் சருகோடு சேர்த்து அவற்றையும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினாள்.

"கடைக்காய் தோத்துச்சுக்கா!" என்றாள் முருகேஸ்வரி, ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

கற்பகத்துக்கு வயிறு நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குக் கூடவே இரண்டு காய் போட்டாள்.

கீழத்தெருப் பெண்களில் இருளம்மாளிடம் கற்பகத்துக்குக் கொஞ்சம் ஒட்டுதல் கூடுதல். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருளம்மாள் கம்பெனியில் தரைச்சக்கரம் செய்கிற ஷெட்டில் இருந்தாள். வேனை விட்டு இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளிப் பவுடர் அப்பியிருக்கும். அந்தக் கையால் காயைத் தொட மாட்டாள், முந்தானையை விரித்துத்தான் வாங்குவாள். ஒரு நாள் முந்தானையை விரித்தபடியே சிரித்தாள்.

"இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்கக்கா. எங்க ஓவியா முளுகாம இருக்கா. வாய்க்கு ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குது, ஒங்க கத்திரிக்கான்னா மட்டும் ரெண்டு வாய் கூடத் திங்குது பிள்ள."

ஓவியா இருளம்மாளின் மகன் மாரிக்கண்ணனுடைய மனைவி. அவளும் அதே கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"அவ வேலைக்கு வரலையே, அதான் பாத்தேன்" என்றாள் கற்பகம்.

"நான்தான் நிப்பாட்டிட்டேன். அந்த வெடிமருந்து வாடை வயித்துப்பிள்ளைக்கு ஆகாதுல்லக்கா? சம்பளம் போனாப் போவுது. நானே வீட்டுக்கு வெளிய குளிச்சு, சேலைய மாத்திட்டுத்தான் அவ பக்கத்துல போறேன். நம்ம கையால அதுக்கு ஒரு கெடுதல் வந்துரக் கூடாது பாருங்க."

இருளம்மாள் போன பிறகும் கற்பகம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உடம்பு கூசியது. இனிமேல் அந்த வீட்டுக்கு மட்டுமாவது அடுப்படிப் பாத்திக் காயைத்தான் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். மறுநாள் கூடையோடு போய்ப் பறிக்கவும் செய்தாள். முதல் காயில் ஓட்டை. இரண்டாவதில் ஓட்டை. மூன்றாவதைப் பிளந்து பார்த்தால் உள்ளே புழு சுகமாகப் படுத்திருந்தது. இதை இருளம்மாள் கொண்டுபோய் அரிவாள்மனையில் அரிவதும், பக்கத்து வீட்டு முருகேஸ்வரி எட்டிப் பார்ப்பதும், ரேஷன் கடை வரிசை மறுபடி சிரிப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கற்பகத்தின் கால் தானாக வேலியோரம் போனது. நன்றாகக் கழுவிச் சமைக்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அதையும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டுவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் காய் போட்டுக் கொடுத்த கட்டைப்பையைத் திருப்பிக் கொடுக்க இருளம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். கற்பகம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, வீட்டுப் பாத்திக் கத்திரிக்காயைச் சொத்தை தள்ளி அரிந்துகொண்டிருந்தாள். தள்ளிய சொத்தையில் புழுக்கள் நெளிந்தன. கோழிகள் ஓடிவந்து கொத்தின.

இருளம்மாள் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது? நல்லதப் பூரா எங்களுக்குக் குடுத்துட்டு, சொத்தைய நீங்க திங்கீகளா?"

அந்த இடத்தில் கற்பகம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, போகட்டும். பேச்சையாவது மாற்றியிருக்கலாம். அவள் செய்தது அதைவிடக் கேவலம். குனிந்த தலை நிமிராமல் லேசாகச் சிரித்தாள்.

"இருக்கட்டும் இருளம்மா. நாங்க ரெண்டு பேருதானே, எங்களுக்கு இது போதும்."

இருளம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே போனாள். கற்பகம் அரிந்த காயைத் தண்ணீரில் போட்டாள். அன்றைய குழம்பில் உப்பு இல்லை என்று ராக்கப்பன் சத்தம் போட்டான்.

வைகாசியில் ஓவியாவுக்கு வளைகாப்பு வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் இருளம்மாளே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள்.

"நீங்க வந்து பிள்ளைக்கு வளையல் போடணும்க்கா. மாட்டேன்னு சொல்லக் கூடாது. பெறகு, கொஞ்சம் கத்திரிக்காயும் வேணும். எண்ணெய்க் கத்திரிக்கா வச்சாத்தான் பந்திக்கு வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா அவ."

முந்தின சாயங்காலந்தான் வரிசைக்கு மருந்து அடித்திருந்தது. வெக்கை கூடக் கூடப் புழுவும் கூடுகிறது என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே கலந்திருந்தாள். காய் இல்லை என்று சொல்ல முடியாது, வேலிக்கு மேலாகப் பார்த்தாலே கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. கற்பகம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். எதிரில் நின்ற இருளம்மாளின் முகத்தில் அத்தனை சந்தோஷம். கூடை நிறையப் பறித்துக் கொடுத்துவிட்டு, "நல்லாக் கழுவிக்கோங்க" என்றாள்.

"அடப் போங்கக்கா, ஒங்க தோட்டத்துக் காய்ல என்ன அழுக்கு இருக்கப் போவுது" என்று சிரித்துக்கொண்டே இருளம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கற்பகம் தாம்பாளத்தில் வளையலும் பூவும் பழமும் வைத்துக் கீழத்தெருவுக்குப் போனாள். கழுத்து வரைக்கும் பயம் இருந்தது. போகாமல் இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் ஆகிவிடும். மேலத்தெரு ஆட்கள் கீழத்தெரு விசேஷத்துக்கு வந்தால் ஒரு முறை உண்டு. மூடி திறக்காத கலர் சோடா பாட்டிலும் உரிக்காத வாழைப்பழமும் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். சமைத்ததைத் தொட மாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத முறை, யாரும் மீறாத முறை. தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கற்பகத்துக்கு அந்தக் கேடுகெட்ட முறை ஒரு பிடிமானமாகத் தெரிந்தது. வளையலைப் போட்டோம், கலரைக் குடித்தோம், வந்துவிட்டோம் என்று இருந்துவிடலாம்.

வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். ஓவியா பச்சைப் பட்டு கட்டி, கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பாகப் போட்டபின் கண்ணாடி வளையல் போட வேண்டும். கற்பகம் அவள் கையைப் பிடித்து வளையலை ஏற்றினாள். அந்தக் கை மெத்தென்று சூடாக இருந்தது. ஓவியா குனிந்து காலைத் தொட்டபோது கற்பகம் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"இருங்க, நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன்" என்று இருளம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இந்தக் கோடை பூராம் எம்மருமக தின்ன காயெல்லாம் இந்த அக்கா குடுத்தது. அது ஒங்களுக்குத் தெரியும். தெரியாத ஒண்ணு சொல்லுதேன். நல்ல காயப் பூரா நமக்குக் குடுத்துட்டு, புளு விளுந்த காய அவுக திங்காக. நானே இந்தக் கண்ணால பாத்தேன். வசதி இருக்கவுகள்ல யாரு இப்படிக் குடுப்பா?"

பெண்கள் எல்லோரும் கற்பகத்தைப் பார்த்தார்கள். முருகேஸ்வரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் நான்தான் வாய்க்கொளுப்புல புளுன்னு கேலி பேசிட்டேன். பின்னால நீங்க நின்னது பெறகுதான் தெரிஞ்சுது. மனசுல வச்சுக்கிடாதீகக்கா."

பூமி பிளந்து உள்ளே போவது என்பார்களே, அது நடந்தால் கற்பகம் இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டிருப்பாள். கரிசல் பூமி தினமும் பிளக்கிறது, வேண்டியபோது பிளப்பதில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவள் முனகியதும் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

பந்தி போட்டார்கள். கற்பகம் ஓரமாக நின்றாள். இருளம்மாள் ஓவியாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்கப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் ஒங்க காய்தானேக்கா. எங்க கை பட்டது அம்புட்டுத்தான். உக்காருதீகளா?"

கற்பகம் உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. அப்புறம் எண்ணெய் மிதக்க, காம்போடு முழுசாக வதக்கிய கத்திரிக்காய்கள் விழுந்தன. கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பார்கள். இது முற்றுவதற்கு முன்னாலேயே பந்திக்கு வந்துவிட்டது.

கற்பகத்தின் கை இலைக்கு மேலே நின்றுவிட்டது. இறங்கவில்லை.

இருளம்மாளின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கோபம்கூட இல்லை. இதற்குத்தான் ஆசைப்படக் கூடாது என்கிற ஒரு அடங்கல். பின்னாலிருந்து செல்லத்தாய்க் கிழவி, "விடு இருளம்மா, அவுகளுக்கு ஒத்துக்காது. கலரும் பளமும் குடுத்து அனுப்பு" என்றாள். அதிலும் கோபம் இல்லை. பழகிப்போன குரல். "ஏலே மாரிக்கண்ணா, கடைக்கு ஓடு" என்றாள் இருளம்மாள், இலையைப் பார்த்துக்கொண்டே.

சாதி பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அதை மட்டும் கற்பகத்தால் தாங்க முடியவில்லை. "கலர் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஒரு கத்திரிக்காயைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். இன்னொன்றையும் தின்றாள். நானும்தானே தின்கிறேன், எனக்கு வருவது அவர்களுக்கும் வரட்டும், சரிக்குச் சரி என்று ஒரு கோணல் நியாயம் உள்ளே ஓடியது.

பந்தி முழுவதும் ஒரு பெருமூச்சு. "பெரிய வீட்டு ஆளு இந்தத் தெருவுல எல போட்டுத் திங்க நான் பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்துட்டேன்" என்றாள் செல்லத்தாய். இருளம்மாள் இன்னொரு கரண்டி எடுத்துவந்து கற்பகத்தின் இலையில் வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மனித மனசைப் பற்றி என்ன சொல்வது? அந்த நேரத்திலும், விஷத்தை விழுங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், கற்பகத்துக்குள்ளே ஒரு மூலையில் கொஞ்சம் பெருமை பூத்தது.

பக்கத்து இலையில் ஓவியா தன் பங்கை முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கும் இன்னும் ரெண்டு வைங்கத்த. அவுகளே ரெண்டாந்தடவ வாங்குதாகல்ல."

இருளம்மாள் கரண்டியை மருமகளின் இலைக்குக் கொண்டுபோனாள். எச்சில் கையால் கற்பகம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வைக்காத."

"என்னக்கா?"

"வைக்காத இருளம்மா. அதுல மருந்து அடிச்சிருக்கு. பருத்திக்கு அடிக்கிறது. முந்தாநாத்துதான் அடிச்சேன்." ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. "இந்தத் தடவ மட்டும் இல்ல. கோடை பூராம் வேலியோரத்துக்கு அடிச்சேன். புளு இருக்குன்னு சிரிச்சாக. அது பொறுக்காமத்தான் அடிச்சேன்."

முருகேஸ்வரி, "ஐயோ, நான் சும்மா வெளாட்டுக்குல்ல சொன்னேன்" என்றாள்.

இருளம்மாள் கரண்டியை வாளிக்குள் போட்டாள். மருமகளின் இலையை மடக்கி எடுத்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு, குழந்தைக்குக் கழுவுவதுபோல ஓவியாவின் கையை விரல் விரலாகக் கழுவிவிட்டாள். வாய் கொப்புளிக்கச் சொன்னாள். பிறகுதான் கற்பகத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க திங்கிற பாத்திக்கு அடிக்கல."

"இல்ல."

"அன்னைக்கு நான் பாத்தது அதுதான்."

"ஆமா."

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கற்பகம் எதிர்பார்த்தாள். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். இருளம்மாள் மெதுவாகத்தான் பேசினாள்.

"தெரிஞ்சேதான் இப்பத் தின்னீக. சாதி பாக்கீகன்னு நாங்க நெனச்சிரக் கூடாதுன்னு, ஒங்க பேருக்காக வெசத்தக்கூடத் தின்னுட்டீக. அந்நேரம் எம்பிள்ள ஒங்க பக்கத்துலதான் உக்காந்து தின்னுச்சு. அதுக்காக வாயத் தொறக்கலையே நீங்க. ரெண்டாந்தடவ கேட்ட பெறகுல்ல தொறந்தீக."

கற்பகம் எச்சில் கையை மடக்கிக்கொண்டாள்.

"கையக் கழுவிக்கிடுங்க" என்று இருளம்மாள் செம்பை நீட்டினாள். மாரிக்கண்ணன் ஆட்டோவுக்குப் போன் போட்டான். எங்கள் காரில் போகலாம் என்று கற்பகம் சொன்னாள். "வேணாம்மா, நாங்க போய்க்கிடுதோம்" என்றாள் இருளம்மாள். ஓவியா ஆட்டோவில் ஏறும்போது வளையல்கள் குலுங்கின. மற்றவர்கள் எழுந்து போய்விட, சாமியானாவுக்கு அடியில் பாதி தின்ற இலைகளுக்கு நடுவே கற்பகம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தாள்.

சாயங்காலம் ராக்கப்பன் சேதி கொண்டுவந்தான். டாக்டரம்மா சோதித்துப் பார்த்ததாம், இப்போதைக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லையாம், இனி பார்த்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறதாம். கற்பகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் ராக்கப்பன்.

"சும்மா இருந்ததுதாங்க தப்பே" என்றாள் அவள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கற்பகம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். வரிசையில் முதல் செடியை வெட்டிச் சாய்த்தாள். அடுத்ததை வேரோடு பிடுங்கிப் பாதை பக்கமாக எறிந்தாள். மினுங்குகிற காய்கள் மண்ணில் உருண்டன. ராக்கப்பன் பின்வாசலுக்கு வந்து, "காய்ப்புல நிக்கிற செடியப் போட்டுப் பிடுங்குதியே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டான். அவள் அடுத்த செடியைப் பிடுங்கினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒவ்வொரு செடி சாயும்போதும் நெஞ்சில் இருந்து ஏதோ கொஞ்சம் இறங்குவதுபோல இருந்தது.

தூரத்தில் வேன் சத்தம் கேட்டது. கீழத்தெருவிலிருந்து பெண்கள் சாப்பாட்டு வாளியோடு பாதைக்கு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் இருளம்மாள் வந்தாள். கற்பகம் இன்னும் வேகமாக, இன்னும் ஓங்கி வெட்டினாள். வெட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பாதையைப் பார்த்தாள். பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

மண்வெட்டி பாதியில் நின்றது. நேற்று சாயங்காலமே பிடுங்கியிருக்கலாம். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் பிடுங்கலாம். பிடுங்கிய செடியைக் குழி தோண்டிப் புதைக்க உள்ளே எவ்வளவோ இடம் இருக்கிறது, பாதையோரம் எறிய வேண்டியதில்லை. வேன் வருகிற நேரம் பார்த்துத்தான் அவள் தோட்டத்துக்கு இறங்கியிருக்கிறாள். அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கூச்சத்தில் காது மடல் வரை சுட்டது.

பெண்கள் வேலியை நெருங்குவதற்குள் கற்பகம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பாகல் பந்தலுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேன் நின்றது, கதவு திறந்தது, ஏறினார்கள், கதவு மூடியது. வேன் சத்தம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.